கோதுமைக்கு மாற்று: கினோவாவையும் சிறுதானியங்களையும் சுவைக்கப் பழகுவது எப்படி?

மலேசிய, சிங்கப்பூர்த் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இரவு உணவு என்றால் இன்று சப்பாத்திதான். நீரிழிவுக்குப் பயந்து சோற்றைக் குறைத்தவர்கள் கோதுமையிடம் தஞ்சம் புகுந்தார்கள். காலையில் ரொட்டி, பத்து மணிக்கு பிஸ்கட், மாலையில் கறிபாப், இரவில் சப்பாத்தி என்று நாள் முழுவதும் கோதுமையே தட்டில் இருக்கிறது. இந்த நிலையில் வீட்டில் ஒருவருக்கு “இனி கோதுமையே கூடாது” என்று மருத்துவர் சொல்லிவிட்டால் அந்தச் சமையலறை தடுமாறிப் போகிறது.

அப்போது முதலில் கைக்கு வருவது கினோவா. விலை கொடுத்து ஒரு பொட்டலம் வாங்கி, அரிசியைப் போல வேகவைத்து, சாம்பார் ஊற்றிச் சாப்பிட்டுப் பார்ப்பார்கள். கசக்கும், குழம்போடு ஒட்டாது. பொட்டலம் அலமாரியின் பின்பக்கம் போய்விடும். ஆனால் குறை தானியத்தில் இல்லை. அதைக் கழுவிய விதத்திலும், அது எந்த உணவின் இடத்தில் வைக்கப்பட்டது என்பதிலும்தான் குறை இருக்கிறது.

யாருக்குக் கோதுமை ஆகாது?

கோதுமையில் உள்ள முக்கியப் புரதத் தொகுதியின் பெயர் குளூட்டன். சப்பாத்தி மாவு இழுத்தால் நீள்வதும், ரொட்டி சானாய் மாவை விசிறும்போது கிழியாமல் இருப்பதும் இதனால்தான். பார்லியிலும் ரை என்னும் தானியத்திலும் இதே வகைப் புரதங்கள் உண்டு.

சீலியாக் நோய் உள்ளவர்கள் குளூட்டன் சாப்பிட்டால், உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றல் தன் சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிறது. சத்துகளை உறிஞ்சும் நுண்விரல்கள் தேய்ந்து போகின்றன. வயிற்றுப்போக்கு, வயிறு உப்புசம், இரும்புச் சத்து மாத்திரை எடுத்தும் தீராத இரத்தசோகை, எலும்புத் தேய்வு, குழந்தைகளுக்கு வளர்ச்சிக் குறைவு ஆகியவை இதன் அடையாளங்களாக இருக்கலாம். உலக மக்கள்தொகையில் ஏறக்குறைய 1 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. இதற்கு மருந்து இல்லை. வாழ்நாள் முழுவதும் குளூட்டனைத் தவிர்ப்பதே சிகிச்சை.

இந்த உண்மை தெளிவானது நெதர்லாந்தில். இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944-45 குளிர்காலத்தில், அங்கு கடும் பஞ்சம். ரொட்டி கிடைக்கவில்லை. மற்றவர்கள் பட்டினியால் மெலிந்தபோது, சீலியாக் நோயால் அவதிப்பட்ட குழந்தைகளின் உடல்நிலை தேறியது. ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பியது. கோதுமைமீது முன்பே சந்தேகம் கொண்டிருந்த குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே, 1950இல் தம் ஆய்வேட்டில் அத்தொடர்பை முன்வைத்தார்.

கோதுமை ஒவ்வாமை என்பது வேறு. அதில் கோதுமைப் புரதம் பட்டவுடன் தடிப்பு, வீக்கம், மூச்சுத் திணறல்கூட வரலாம். இவை இரண்டும் இல்லாமலேயே கோதுமை சாப்பிட்டால் வயிறு சங்கடப்படுபவர்களும் இருக்கிறார்கள்.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. சந்தேகம் வந்தவுடன் கோதுமையை நிறுத்திவிட்டு, சில மாதங்கள் கழித்துப் பரிசோதனைக்குப் போகிறார்கள். சீலியாக் நோய்க்கான இரத்தப் பரிசோதனையும் குடல் திசுப் பரிசோதனையும், நோயாளி குளூட்டன் சாப்பிட்டுக் கொண்டிருக்கும்போதுதான் சரியான முடிவைக் காட்டும். நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் இல்லை என்று வரக்கூடும். முதலில் பரிசோதனை, பிறகு உணவு மாற்றம் என்பதே சரியான வரிசை.

கினோவா எங்கிருந்து வந்தது?

தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பகுதி கினோவாவின் தாயகம். இன்றைய பெரு, பொலிவியா நாடுகளில், தித்திகாகா ஏரியைச் சுற்றியுள்ள மேட்டு நிலங்களில் பல ஆயிரம் ஆண்டுகளாகப் பயிராகி வருகிறது. ஐக்கிய நாடுகள் அமைப்பு 2013ஆம் ஆண்டை அனைத்துலகக் கினோவா ஆண்டாக அறிவித்த பிறகு, உலகம் முழுவதும் கடை அலமாரிகளில் அதன் பெயர் பரவலாகத் தென்படத் தொடங்கியது.

இது நெல், கோதுமை போன்ற புல்வகைப் பயிர் அல்ல. கீரை இனத்தைச் சேர்ந்த செடியின் விதை. தமிழர்கள் அறிந்த சக்கரவர்த்திக் கீரை இதற்கு நெருங்கிய உறவு. 100 கிராம் வெந்த கினோவாவில் ஏறக்குறைய 4.4 கிராம் புரதமும் 2.8 கிராம் நார்ச்சத்தும் உள்ளன. அதே அளவு வெள்ளைச் சோற்றில் புரதம் 2.7 கிராம், நார்ச்சத்து அரை கிராமுக்கும் குறைவு. உடலுக்குத் தேவையான ஒன்பது அத்தியாவசிய அமினோ அமிலங்களும் கினோவாவில் இருப்பதால் சைவ உணவினருக்கு அது உதவும். ஆனால் கலோரி அளவில் சோற்றுக்கும் அதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. அளவின்றிச் சாப்பிடலாம் என்பது தவறான எண்ணம்.

தெரிந்த பெயர்கள், மறந்த சுவைகள்

கினோவா மட்டுமே மாற்று அல்ல. கேழ்வரகு, கம்பு, வெள்ளைச் சோளம், தினை, சாமை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஆகிய எதிலும் குளூட்டன் இல்லை. ஆடி மாதத்தில் மாரியம்மன் கோவில்களில் ஊற்றப்படும் கேழ்வரகுக் கூழ், இத்தானியங்கள் நமக்குப் புதியவை அல்ல என்பதைக் காட்டும். 2023ஆம் ஆண்டு அனைத்துலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டதும் இவற்றின் மீதான கவனத்தைக் கூட்டியது.

ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. சாமையும் குதிரைவாலியும் மென்மையானவை. வெந்தால் குருணைச் சோறு போலிருக்கும். அரிசிக்குப் பழகிய நாக்கு இவற்றை எளிதில் ஏற்கும். தினைக்கு இலேசான இனிப்பும் பருப்பு மணமும் உண்டு. வரகு சற்று அழுத்தமானது, பிரியாணிக்குத் தாங்கும். கம்பு கனமானது, பசி தாங்கும். கேழ்வரகு மண் மணம் கொண்டது. 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து அதன் தனிச் சிறப்பு.

பெயர்க் குழப்பத்திலும் கவனம் வேண்டும். கடையில் “சோளம்” என்று கேட்டால் மலேசியாவில் பெரும்பாலும் மக்காச்சோளமே கிடைக்கும். சிறுதானியச் சோளம் வேண்டுமென்றால் “வெள்ளைச் சோளம்” என்று கேட்பது நல்லது. பக்வீட் என்பதன் பெயரில் “வீட்” இருந்தாலும் அதற்கும் கோதுமைக்கும் எந்த உறவும் இல்லை. ஆனால் பக்வீட்டால் செய்யப்படும் ஜப்பானிய சோபா மீயில் பெரும்பாலும் கோதுமை மாவும் கலக்கப்படுகிறது. உறைமேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் வாங்கக் கூடாது.

கசப்பை நீக்கும் முறை

கினோவா விதையின் மேல் சபோனின் என்ற இயற்கைப் பொருள் படிந்திருக்கிறது. பறவைகள் கொத்தாமல் செடி தன்னைக் காத்துக்கொள்ளும் வழி அது. தண்ணீரில் தேய்த்தால் சோப்பு போல நுரை வரும். கசப்பிற்குக் காரணம் இதுவே. சில நிறுவனங்கள் முன்கூட்டியே கழுவி விற்றாலும், வீட்டில் மீண்டும் ஒருமுறை கழுவுவதே பாதுகாப்பு.

பதினைந்து நிமிடம் ஊறவைத்து, கண் சிறிய வடிகட்டியில் போட்டு, நுரை நிற்கும் வரை கையால் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு வெறும் சட்டியில் இரண்டு நிமிடம் ஈரம் வற்ற வறுத்தால் மணம் கூடும். ஒரு குவளை கினோவாவுக்கு இரண்டு குவளைக்குச் சற்றுக் குறைவான தண்ணீர் போதும். கொதித்ததும் தீயைக் குறைத்து, மூடி, பதினைந்து நிமிடம் வேகவிட வேண்டும். ஒவ்வொரு விதையிலிருந்தும் வெள்ளை வால் போன்ற முளை சுருண்டு பிரிந்தால் வெந்துவிட்டது என்று பொருள். அடுப்பை அணைத்து, மூடியபடியே ஐந்து நிமிடம் விட்டு, முள்கரண்டியால் கிளறினால் உதிரியாக வரும்.

சாமை, தினை, வரகு, குதிரைவாலி ஆகியவற்றை அரை மணி நேரமாவது ஊறவைப்பது அவசியம். ஒரு குவளைக்கு இரண்டு முதல் இரண்டரை குவளைத் தண்ணீர் தேவைப்படும். தயிர்ச் சாதத்துக்கோ பொங்கலுக்கோ என்றால் மூன்று குவளை. முழுக் கம்பு, முழு வெள்ளைச் சோளம் இரண்டையும் இரவே ஊறவைத்து, குக்கரில் வேகவைக்க வேண்டும். ஊறாத தானியம் தொண்டையில் குத்தும். “சிறுதானியம் சாப்பிட்டால் வயிறு வலிக்கிறது” என்ற புகார் பல நேரங்களில் இங்கிருந்துதான் கிளம்புகிறது.

எந்த உணவுக்கு எந்தத் தானியம்?

கினோவாவைச் சோறாக்கி இரசம் ஊற்றினால் ஏமாற்றமே மிஞ்சும். அது குழையாது, சாற்றைப் பிடிக்காது. எலுமிச்சைச் சாதம், புளிச் சாதம், உப்புமா, காய்கறிக் கலவை போன்ற உதிரி உணவுகளில்தான் அதன் சுவை வெளிப்படும். முதல் நாள் வேகவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்த கினோவாவை மறுநாள் வெங்காயம், மிளகாய், முட்டை சேர்த்து நாசி கோரெங் முறையில் பிரட்டினால் பிள்ளைகளும் மறுக்க மாட்டார்கள்.

சாம்பார், இரசம், தயிர் எல்லாவற்றுக்கும் சாமையும் வரகும் பொருந்தும். சாமையைத் தேங்காய்ப் பாலும் பண்டான் இலையும் சேர்த்து வேகவைத்தால் நாசி லெமாக்குக்கு ஈடான சோறு கிடைக்கும். குதிரைவாலி வெண்பொங்கலுக்கு ஏற்றது. வழிபாட்டுக்கு ரவை கேசரிக்குப் பதில் தினையை வறுத்து உடைத்துக் கேசரி செய்யலாம். சேமியாப் பாயசத்தின் இடத்தை ஜவ்வரிசியோ பாசிப் பருப்போ நிரப்பும்.

தோசை மாவுதான் பழகுவதற்கு எளிதான வழி. புளிப்பும் மொறுமொறுப்பும் புதிய சுவையை உறுத்தாமல் உள்ளே கொண்டுவந்துவிடும். முதல் வாரம் இட்லி அரிசியில் கால் பங்கை மட்டும் கழுவிய கினோவாவாகவோ சாமையாகவோ மாற்றலாம். யாருக்கும் வேறுபாடு தெரியாது. பிறகு பாதியாக்கலாம். மூன்று பங்கு சிறுதானியத்துக்கு ஒரு பங்கு உளுந்தும் சிறிது வெந்தயமும் போட்டு அரைத்தால் அரிசியே இல்லாமலும் நல்ல தோசை வரும். இங்குள்ள வெப்பத்தில் மாவு விரைவாகப் புளிக்கும் என்பதால் ஆறு மணி நேரத்திலிருந்தே கவனித்து, பொங்கியதும் குளிர்பதனப் பெட்டிக்கு மாற்றிவிட வேண்டும்.

சப்பாத்தியைப் பிரிய முடியாதவர்களுக்குத்தான் சோதனை அதிகம். குளூட்டன் இல்லாத மாவு இழுபடாது; உருட்டினால் ஓரம் வெடிக்கும். கொழுக்கட்டைக்கும் இடியப்பத்துக்கும் அரிசி மாவைக் கொதிநீர் ஊற்றிப் பிசைவார்கள் அல்லவா, அதே உத்தியே இங்கும் கைகொடுக்கும். கேழ்வரகு மாவிலோ வெள்ளைச் சோள மாவிலோ கொதிநீர் ஊற்றி, கரண்டியால் கிளறி, சூடு பொறுக்கும்போது பிசைந்து, வாழை இலையில் தட்டிச் சுட வேண்டும். வெங்காயமும் முருங்கைக் கீரையும் சேர்த்த கேழ்வரகு அடையைச் சப்பாத்தியோடு ஒப்பிடாமல், தனி உணவாக எண்ணிச் சாப்பிட்டால் பிடித்துப் போகும்.

புட்டு, இடியப்பம், ஆப்பம், கொழுக்கட்டை, இட்லி, அரிசி முறுக்கு எல்லாம் இயல்பிலேயே கோதுமை இல்லாதவை. பழைய தமிழ்ச் சமையலில் பெரும்பகுதி ஏற்கெனவே இந்த நோயாளிக்கு உகந்ததாகத்தான் இருக்கிறது.

ஒளிந்திருக்கும் கோதுமை

வீட்டில் சப்பாத்தி நின்ற பிறகும் உடல் தேறவில்லை என்றால், கோதுமை வேறு வழியில் நுழைகிறது என்று பொருள் கொள்ளலாம்.

முதல் சந்தேகத்துக்குரியது பெருங்காயத்தூள். கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். சாம்பார், இரசம், வடை என எல்லாவற்றிலும் அது சேர்வதால் தினமும் சிறிது குளூட்டன் உள்ளே போகும். அரிசி மாவு கலந்த பெருங்காயமும் விற்பனைக்கு உண்டு. உறையைப் பார்த்து வாங்க வேண்டும்.

அடுத்தது சோயா சாஸ். வழக்கமான சோயா சாஸ் கோதுமையும் சேர்த்துத்தான் புளிக்க வைக்கப்படுகிறது. சிப்பிச் சாஸ் பலவற்றிலும் கோதுமை உண்டு. பீகூனும் குவே தியாவும் அரிசியால் ஆனவை என்றாலும், அவற்றைப் பிரட்டும்போது ஊற்றும் சாஸில் கோதுமை இருக்கிறது. மஞ்சள் மீ முழுக்கவே கோதுமை. சைவ உணவகங்களில் கோழி, மீன் போன்று செய்து பரிமாறப்படும் போலி இறைச்சி பல நேரங்களில் வெறும் குளூட்டனால் ஆனது. சைவ விரதக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பானங்களிலும் எச்சரிக்கை தேவை. காப்பிக் கடைகளில் உடற்சூட்டுக்கு நல்லது என்று குடிக்கப்படும் பார்லித் தண்ணீரில் குளூட்டன் உண்டு. மைலோ, ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானங்கள் பார்லியிலிருந்து எடுத்த மால்ட்டைக் கொண்டவை. ஓட்ஸில் இயல்பாகக் குளூட்டன் இல்லாவிட்டாலும், வயலிலும் ஆலையிலும் கோதுமையோடு கலந்துவிடும் வாய்ப்பு அதிகம். அதனால் குளூட்டன் இல்லாதது என்று குறிக்கப்பட்ட ஓட்ஸை மட்டும், மருத்துவரைக் கேட்ட பிறகே பயன்படுத்த வேண்டும்.

உறையில் “கோதுமை இல்லாதது” என்றிருந்தால் போதாது. அதில் பார்லி இருக்கலாம். சீலியாக் நோயாளி தேட வேண்டியது “குளூட்டன் இல்லாதது” என்ற சொல். அனைத்துலக உணவுத் தர விதிப்படி, ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. மலாய் மொழிக் குறிப்பில் “கண்டும்” என்றால் கோதுமை; “தெப்போங் கண்டும்” கோதுமை மாவு; “தெப்போங் பெராஸ்” அரிசி மாவு. இந்த மூன்றையும் தெரிந்துகொண்டால் கடையில் பாதி வேலை முடிந்தது.

வெளியில் சாப்பிடும்போது தோசை பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ரொட்டி சானாய் சுட்ட அதே கல்லில் தோசை ஊற்றப்படலாம். சமோசா பொரித்த எண்ணெயில் வடை பொரிக்கப்படலாம். தோசை மாவில் ரவையோ மைதாவோ சேர்க்கும் கடைகளும் உண்டு. கேட்டுத் தெரிந்துகொள்வதில் கூச்சம் தேவையில்லை. வீட்டிலும் சப்பாத்திப் பலகை, வடிகட்டி, ரொட்டி வாட்டும் கருவி ஆகியவற்றைச் சீலியாக் நோயாளிக்குத் தனியாக வைக்க வேண்டும்.

நீரிழிவு உள்ளவர்கள் கவனத்துக்கு

மலேசியாவில் 2019இல் நடத்தப்பட்ட தேசிய உடல்நல ஆய்வின்படி, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்க்கும்போது இந்தியரிடையே அது மிக அதிகம். அதனால் “சிறுதானியம் சர்க்கரையை ஏற்றாது” என்ற பேச்சு வேகமாகப் பரவுகிறது. அது அப்படியே உண்மை அல்ல. சிறுதானியங்களிலும் பெரும்பகுதி மாவுச்சத்துதான். முழுத் தானியமாக, காய்கறியும் பருப்பும் சேர்த்து, அளவோடு சாப்பிட்டால் சர்க்கரை மெதுவாக ஏறும். அதையே நைசாக அரைத்துக் கூழாகக் குடித்தால் வேகமாக ஏறும். மாற்றத்துக்குப் பிறகு உணவு உண்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரையைச் சோதித்துப் பார்ப்பதே தம் உடலுக்கு எது ஏற்றது என்பதை அறியும் வழி.

குளூட்டன் இல்லாத ரொட்டி, பிஸ்கட், கேக் என்று விற்கப்படும் பல பொருள்கள் மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுந்தவை, நார்ச்சத்து குறைந்தவை. நோய் இல்லாதவர்கள் உடல் இளைக்க அவற்றை நாடுவதில் பயன் இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: கினோவாவிலும் சிறுதானியங்களிலும் வெள்ளை அரிசியைவிடப் பொட்டாசியமும் பாஸ்பரசும் அதிகம். உணவியல் நிபுணரைக் கேட்காமல் மாற்றக் கூடாது.

வாங்குவதும் பாதுகாப்பதும்

கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான், பினாங்கு, சிங்கப்பூர் தேக்கா வட்டாரங்களின் இந்திய மளிகைக் கடைகளில் சிறுதானியங்கள் கிடைக்கின்றன. கினோவா தொலைவிலிருந்து வருவதால் விலை பொதுவாகக் கூடுதல். தினசரிச் சோற்றுக்குச் சாமையோ வரகோ வைத்துக்கொண்டு, கினோவாவை வாரத்தில் ஓரிரு நாள் சமைத்தால் கையைக் கடிக்காது. மிகவும் வெளுத்துத் தெரியும் சிறுதானியம் அதிகம் தீட்டப்பட்டது; தவிடும் அதனோடு போயிருக்கும்.

மாவாக வாங்கினால் சிறு பொட்டலமாக வாங்க வேண்டும். கம்பு மாவில் கொழுப்பு அதிகம் என்பதால் நம் வெப்பத்திலும் ஈரத்திலும் சீக்கிரம் கெட்டுக் கசக்கத் தொடங்கும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பது நல்லது. சீலியாக் நோயாளிக்கு வாங்குவதாக இருந்தால், மூட்டையிலிருந்து அளந்து தரும் தானியத்தைத் தவிர்க்கலாம். கோதுமை அளந்த அதே படியால் அளந்திருக்கக் கூடும்.

முதல் மாதம்

நார்ச்சத்து திடீரென்று கூடினால் வயிறு உப்பும். முதல் வாரம் ஒரு வேளை மட்டும் மாற்றி, தண்ணீரை அதிகமாகக் குடித்து, படிப்படியாகக் கூட்ட வேண்டும். சீலியாக் நோயாளிக்கு இந்தப் படிப்படி தானியத்தைச் சேர்ப்பதில் மட்டுமே பொருந்தும். குளூட்டனை நிறுத்துவது நோய் உறுதியான நாளிலேயே, முழுமையாக. இடைப்பட்ட காலத்தில் பழகிய அரிசி உணவுகளே வயிற்றை நிரப்பும்.

நோய் ஒருவருக்கு என்றாலும் சமையல் எல்லாருக்கும் ஒன்றாக இருப்பது நல்லது. எல்லாரும் சப்பாத்தி சாப்பிடும்போது ஒரு பிள்ளைக்கு மட்டும் தனிக் கிண்ணத்தில் கினோவா வைத்தால், அதன் சுவையைவிடத் தனிமையே பிள்ளையின் மனத்தில் தங்கும். வாரத்தில் நான்கு நாள் வீடு முழுவதும் சாமைப் பொங்கல், கினோவாத் தோசை, கேழ்வரகுப் புட்டு, வரகுப் பிரியாணி என்று சாப்பிட்டால் அது நோயாளி உணவாக இராது, வீட்டு உணவாகிவிடும். பள்ளிக்கும் உறவினர் வீட்டுக்கும் போகும்போது, எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது என்ற சிறு பட்டியலைப் பிள்ளையிடமும் ஆசிரியரிடமும் கொடுத்து வைத்தால் பெற்றோருக்குக் கவலை குறையும்.